தொடாமல் அளந்த ஆண்டு

1.

பிரபஞ்சத்தின் இரகசியங்கள் அனைத்தும் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இந்த வசனம் என்னுடையது அல்ல. இப்படி எழுத எனக்குத் தைரியம் போதாது. எண்பத்து நான்காம் ஆண்டு, மாத்தளையில், அறிமுகப் பௌதிகவியல் பாடநெறியின் முதல் வகுப்பில் மகேந்திரராஜா சேர் சொன்னது. சொல்லிவிட்டு, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, நீட்டிய கையால் அலுமாரியைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் பிரபஞ்சத்தின் இரகசியங்கள் வரிசையாக இருந்தன. நடுத் தட்டில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது. கதவில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சஞ்சிகைக்காரர் கேட்டார்: "அந்த வருஷங்களைப் பற்றி மாத்தளையிலிருந்து யாரும் சரியாக எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள். கனமாக இருக்கட்டும்." நானும் கனமாகத்தான் ஆரம்பித்தேன். கைவிட்ட தொடக்கங்களை அத்தாட்சிக்காக அப்படியே விட்டிருக்கிறேன்.

மலைகள் மௌனமாக அழுதுகொண்டிருந்த அந்த நாட்களில்—

(மாத்தளை மலைகள் அழுது நான் கண்டதில்லை. எல்கடுவப் பக்கம் பின்னேரங்களில் மழை பெய்யும். உடுப்புக் காயாது. அவ்வளவுதான்.)

வரலாறு என்னும் மாபெரும் ஊசல் இடமும் வலமுமாக—

(ஊசல் என்று எழுதியதும் ஸக்கியா ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். அத்தோடு கனம் போய்விட்டது.)

ஸக்கியாதான் எங்கள் ஊசல். அதை விளக்க வேண்டும்.

2.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு கோழித்தீவனக் கடையின் மேல்மாடியில் அந்தப் பாடநெறி நடந்த நிலையம் இருந்தது. பெயர் வேண்டாம், பெயர் கட்டடத்தைவிட நீளம். சனியும் ஞாயிறும் வகுப்பு. ஒரு வருடம் படித்து, எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் தேறினால், பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியராக நியமனம். இதை நம்பி நாங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தோம். எனக்குக் கடைசி வரிசையில் இடம். என் கதிரைக்குப் பின்னால் அந்த அலுமாரி. சாய்ந்து உட்கார்ந்தால் பூட்டு பின்மண்டையில் இடிக்கும்.

அலுமாரிக்குள் இருந்த கருவிகளுக்குக் கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுத்த உத்தியோகத்தர், அநுராதபுரத்துக்கு மாற்றலாகிப் போனபோது பூட்டின் திறப்பையும் கொண்டு போய்விட்டார். சேர் திறப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். தங்கள் கடிதம் கவனத்திற்கு எடுக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை, அதுவே திறப்பு என்பதுபோல, சேர் எங்களுக்கு எழுந்து நின்று வாசித்துக் காட்டினார்.

வேறு யாராவது என்றால், கருவி இல்லை, ஆகவே செய்முறையும் இல்லை என்று கையை விரித்திருப்பார்கள். மகேந்திரராஜா சேர் அந்த ரகம் அல்ல. அடுத்த சனிக்கிழமை கரும்பலகையில் 'மானசீகச் செய்முறை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார்.

"கருவி கைக்கு உதவி. மனசுக்கு இடைஞ்சல்" என்றார். "பெரிய விஞ்ஞானிகள் எல்லாரும் மொதல்ல மனசிலதான் செஞ்சு பாத்தாங்க. நாங்களும் மனசில செய்வோம். ஆனா முறையா செய்வோம்."

முறையாக என்றால் இப்படி. முதலில் அலுமாரிக்கு முன்னால் நின்று கண்ணாடி வழியாகக் கருவியை நன்றாகப் பார்க்க வேண்டும். (அப்போது நான் குனிந்துகொள்ள வேண்டும்.) பிறகு மேசைக்கு வந்து, இல்லாத கருவியை இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்க வேண்டும். ஒரு கையால் தூக்கினால் புள்ளி குறையும்.

எல்லாவற்றிலும் கடினமானது நுண்மானித் திருகுக் கணிச்சி. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு கம்பியின் தடிப்பை அளக்கும் கருவி. கைக்குள் அடங்கும் இரும்பு வளைவு, ஒரு பக்கத்தில் திருகு. திருகு கம்பியை முட்டியதும் 'க்ரிக்' என்று சத்தம் கேட்கும். இதற்கு மேல் இறுக்காதே என்று அர்த்தம். எங்கள் திருகு காற்றில் இருந்ததால் அந்தச் சத்தத்தை நாங்களே வாயால் போட வேண்டியிருந்தது.

"மூணு க்ரிக் போதும்" என்பார் சேர். "நாலாவது க்ரிக் பேராசை."

கீழே தீவனம் வாங்க வந்தவர்கள், மேலே பல்லிக்கும் பாடம் நடக்கிறதா என்று கேட்பார்களாம்.

எளிய ஊசலுக்கு நூலும் குண்டும் தேவை. ஸக்கியா ஒரு வாங்கின் மேல் ஏறி நின்று வலது கையைத் தொங்கவிட்டு ஆட்டுவாள். மற்றவர்கள் எண்ணுவோம்.

"சேர், குண்டுக்குக் கை வலிக்குது."

"ஊசல் பேசாது, ஸக்கியா."

"பேசல்ல சேர். வலிக்குதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

இப்படி அளந்தும், புவியீர்ப்பு ஆர்முடுகல் எங்களுக்கு எப்போதும் 9.81 என்றே வந்தது. கண்டியில் பெரிய பெரிய கல்லூரிகளில், நிஜ நூலும் நிஜக் குண்டும் வைத்துக்கொண்டு, 9.6 என்றும் 10.2 என்றும் தடுமாறுவார்களாம். சேர் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு இரக்கம் இருக்கும்.

ஒரு நாள் நான் வெப்பமானியைக் கீழே போட்டுவிட்டேன்.*

* இல்லாத வெப்பமானியைத்தான். தும்மல் வந்தது, கையை விரித்துவிட்டேன். வகுப்பு முழுவதும் 'ஐயோ' என்றது. "அரசாங்கச் சொத்து, நுஹ்மான்" என்று சேர் சொன்னார். விளக்கம் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு நெடுநாள், தவமணிதேவி அந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்தாள். காலில் கண்ணாடித் துண்டு ஏறிவிடும் என்று.

3.

கதையென்றால் யாராவது ஒருவர் எதையாவது இழக்கும் நிலையில் இருக்க வேண்டும். எனக்கு இழக்க ஒன்றும் இருக்கவில்லை. வாப்பாவின் கடையில் எனக்கென்று ஒரு கதிரை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஸக்கியா வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்தவள். ஆகவே தவமணிதேவி.

தவமணியின் அப்பா இராஜசிங்கம், வடக்கிலிருந்து உத்தியோகத்துக்காக மாத்தளைக்கு வந்து, ஓய்வு பெற்றும் அங்கேயே இருந்தவர். தவமணி பிறந்ததும், படித்ததும், சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்ததும் மாத்தளையில்தான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர்கள் குடும்பமாக எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். திரும்பிப் போனபோது அவர்களுடைய வீடு இருந்தது, முன்கதவு இல்லை. புதுக் கதவு போட்ட அன்றைக்கே இராஜசிங்கம் ஐயா தீர்மானித்துவிட்டார்: ஊருக்குப் போவது.

"இந்த றோட்டிலை நேரை வடக்கை போனால் எங்கட வீடு, பிள்ளை. ஒரு இடத்திலையும் திரும்பத் தேவையில்லை."

"அதே றோட்டுல நேரா தெக்க வந்தா எங்க வீடுப்பா. அதுக்கும் திரும்பத் தேவையில்ல."

இருவர் சொன்னதும் சரி. அது மாத்தளையிலிருந்து நாலந்தா, நாவுல வழியாக யாழ்ப்பாணம் வரை போகிற றோட்டு.

தவமணியின் அம்மா மங்கையற்கரசிதான் கடைசியில் ஒரு வழி கண்டார். "பிள்ளைக்கு இஞ்சை அரசாங்க வேலை கிடைச்சால் இருப்பம். இல்லையெண்டால் தை பிறக்க லொறி." இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள், தாங்கள்தான் வெல்லப்போகிறோம் என்ற நிச்சயத்தில். லொறிக்கு என் மாமா பலீலிடம் சொல்லிவைக்கப்பட்டது.

ஆக, அந்த மேல்மாடியில் நாங்கள் எல்லோரும் விளையாடிக்கொண்டிருந்தபோது, ஒருத்தி மட்டும் தன் ஊரைக் கையில் பிடித்துக்கொண்டு 'க்ரிக்' போட்டுக்கொண்டிருந்தாள்.

(மேலே உள்ள வசனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

இராஜசிங்கம் ஐயா வருடம் முழுவதும் சாமான் கட்டினார். அம்மியைத் தும்புக் கயிற்றால் கட்டிவைத்தார். மங்கையற்கரசி அம்மா காலையில் அவிழ்த்துச் சம்பல் அரைத்துவிட்டு, அதே முடிச்சாகத் திரும்பக் கட்டிவைத்தார். அவருடைய முடிச்சு அவ்வளவு நேர்த்தி. கணவருக்கு அது தெரியவே வரவில்லை. அல்லது, சம்பல் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்கிற அளவுக்கு அவரும் நேர்த்தி.

இதன் முதற்படியைத் தவமணிக்கு அனுப்பினேன். இப்போது சமாதான காலம்; பாதை திறந்திருக்கிறது, தபால் எங்கேயும் போகிறது, தொலைபேசி எங்கிருந்தும் வருகிறது. கொழும்பில் இருக்கும் எனக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. (அன்றைய தவமணி 'அவள்', இன்றையவர் 'அவர்'. இவ்வளவு வருஷம் கழித்து வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.)

"நுஹ்மான், 'ஏக்கம் ததும்பும் விழிகளுடன்'னு எழுதியிருக்கீங்களே, யாரு அது?"

"நீங்கதான்."

"நான் கண்ணாடி போட்டிருந்தேன். போத்தல் அடி மாதிரி. விழியா தெரியும்?"

"கதைக்கு ஒரு..."

"கதைக்கு வேணும்னா ஸக்கியாவுக்குப் போடுங்க. அவளுக்குத்தான் நல்ல கண்ணு. அப்புறம், நான் நாலு இடத்துல அழுறேன்."

"ரெண்ட வெட்டிடவா?"

"நாலையும் வெட்டுங்க."

பின்னால் பஸ் கொண்டக்டர் ஒருவர் 'நாவுல, நாவுல, தம்புள்ள' என்று கத்துவது கேட்டது. "ஒரே சத்தம், இருங்க" என்று சொல்லி அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

அவர் எங்கிருந்து பேசினார் என்பதை நான் இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் முடிவு தெரிந்துவிடும்.

4.

(இந்த இடத்தில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. தவமணியின் பைக்குள் கம்பிச் சுருளும் மணிக்கூடும் இருப்பதைக் கண்டு, வெடிகுண்டோ என்று ஒரு படைவீரர் துள்ளி எழும் காட்சி. நன்றாகவே வந்திருந்தது. நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் அவள் பைக்குள் கருவி எப்படி வரும்? கருவிகள் அலுமாரிக்குள் அல்லவா? பையைத் திறந்தால் சாப்பாட்டுப் பெட்டியும் குடையும்தான். அவள் கொண்டு திரிந்த ஊசலும் கணிச்சியும் எந்தச் சோதனையிலும் அகப்படாதவை. சாவடியில் அடையாள அட்டையைத்தான் பார்த்தார்கள். பெயரைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், திரும்பவும் பெயரைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும். அதில் சிரிக்க ஒன்றும் இல்லாததால் பகுதியை வெட்டிவிட்டேன்.)

5.

மகேந்திரராஜா சேர் எனக்குச் சரியாக அமையவில்லை.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் அவர் ஒரு டம்பக்காரர். அது உண்மைதான். விரிவுரையாளர் என்று சொல்லாமல் ஆசிரியர் என்று யாராவது சொன்னால் காது கேளாதவர்போல் இருப்பார். பங்குனி வெயிலிலும் கழுத்துப் பட்டி. பெயர்ப்பலகையில் தன் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை மட்டும் கைக்குட்டையால் துடைப்பார். இப்படிப்பட்ட ஒருவரை வைத்துச் சிரிப்பது சுலபம். நான் அந்தச் சுலபத்துக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாம் படியில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன்.

தன் அறியாமையை மறைக்கவே அந்தப் போலி விரிவுரையாளர்—

நிற்கவில்லை. ஒரு ஞாயிறு நினைவுக்கு வந்துவிட்டது. ஏதோ ஒரு ஹர்த்தால், அல்லது ஹர்த்தால் என்ற வதந்தி. பஸ் இல்லை. கண்டியிலிருந்து சேர் எப்படி வருவார், வரமாட்டார் என்று நாங்கள் எழும்பப் போன நேரம் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மரக்கறி லொறியொன்றின் பின்னால் ஏறி வந்திருந்தார். கழுத்துப் பட்டி இருந்தது. அதில் ஒரு கோவா இலையும் ஒட்டியிருந்தது. நேரே கரும்பலகைக்குப் போய், "பிரபஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"சேர், கோவா" என்றாள் ஸக்கியா.

"என்ன?"

"பிரபஞ்சத்துல கோவா ஒட்டியிருக்கு, சேர்."

அவர் இலையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். "இது நிஜப் பொருள். ஆகவே நிறை உண்டு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அன்றைக்கு எங்களுக்கு நிறை பற்றிய பாடம் இல்லை. எங்கள் சிரிப்பை அடக்கும் அவசரத்தில் அவர் அதைப் பாடமாக்கிவிட்டார்.

ஆக, டம்பம் இருக்கட்டும். அதை எடுத்தால் ஆளே விழுந்துவிடுவார். அந்த வருஷத்தில் மாத்தளையில், வரவேண்டிய நாளில் வந்த மனிதர்கள் குறைவு. வில்லன் பதவியை வெற்றிடமாக விட்டிருக்கிறேன். விண்ணப்பங்கள் வேண்டாம்; ஏற்கெனவே போதிய பேர் இருக்கிறார்கள்.

6.

மார்கழியில் செய்முறைப் பரீட்சை வந்தது. எங்கள் மேல்மாடியில் அல்ல. ஊரிலேயே ஒரு பெரிய பாடசாலையின் ஆய்வுகூடத்தில். பரீட்சகர் சரோஜினிதேவி என்ற அம்மா. கண்டியிலிருந்து வந்திருந்தார். ஒரு கையில் பேனை, மறு கையில் தைலப் போத்தல், கடும் தடிமன்.

உள்ளே போனோம். மேசைகளின் மேல் கருவிகள் இருந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

எனக்கு ஊசல் கிடைத்தது. நூல் இருந்தது, குண்டும் இருந்தது. பழக்கத்தில் நான் ஸக்கியாவைத் தேடினேன்.

தவமணிக்குத் திருகுக் கணிச்சி. பக்கத்தில் ஒரு சின்னச் செப்புக் கம்பி. அவள் கணிச்சியை நன்றாகப் பார்த்தாள். ஒரு அடி பின்வாங்கி, இடப்பக்கமிருந்து பார்த்தாள், வலப்பக்கமிருந்து பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் அதற்கு ஒரு சாண் மேலே கொண்டுபோய், காற்றிலிருந்து ஒன்றைப் பக்குவமாகத் தூக்கினாள். இடது கையில் பிடித்தாள். வலது கையால் திருகினாள். வாயால் மூன்று தரம்: க்ரிக், க்ரிக், க்ரிக். கண்ணைச் சுருக்கி வாசித்தாள். 1.22 மில்லிமீற்றர் என்று எழுதினாள். பிறகு, இல்லாத கணிச்சியை, மேசையில் இருந்த கணிச்சிக்குப் பக்கத்தில், இடிக்காமல் வைத்தாள்.

சரோஜினிதேவி அம்மா எழும்பி வந்தார்.

"என்ன பிள்ளை செய்றீங்க?"

"அளக்கிறேன், மிஸ்."

"எதை?"

"கம்பியை."

"கம்பி அங்க கிடக்கே."

"ஓம் மிஸ். தெரியுது."

"இது என்னண்டு தெரியுமா?"

"நுண்மானித் திருகுக் கணிச்சி, மிஸ்."

"அப்ப ஏன் அதை எடுக்கல்ல?"

தவமணி அவரைப் பார்த்தாள். அதைக் கையில் எடுக்கவும் கூடும் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

"எடுக்கலாமா, மிஸ்?"

இந்த இடத்தில் முதற்படியில் பரீட்சகர் அழுதார். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, ஒரு சமூகத்தின் முழு வரலாறும் அந்த ஒரு கேள்வியில்—

"அந்தம்மா அழல்ல" என்றார் தவமணி தொலைபேசியில். "தும்மினாங்க. தடிமன்."

"தும்மிட்டு?"

"'எடுங்க, நேரம் போகுது'ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல்ல."

"எடுக்கும்போது எப்படி இருந்திச்சு? உலோகத்தின் குளிர்ச்சி விரல் நுனியிலிருந்து..."

"கனமா இருந்திச்சு. நான் இவ்வளவு கனம்னு நெனக்கல்ல. கீழ விழுந்திரும்னு பயந்து மேசையோட சேத்துப் பிடிச்சேன். திருகினேன். க்ரிக்னு சொல்ல வாயத் தொறந்தேன், நுஹ்மான். அதுவே சொல்லிருச்சு."

சஞ்சிகைக்காரர் கேட்ட கனம், இதைவிட அதிகமாக என்னிடம் இல்லை.

அவள் திரும்ப அளந்தாள். இம்முறை 1.22 வரவில்லை. நிஜக் கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு: வெறுமையை அளக்கச் சொன்னாலும் கொஞ்சம் காட்டும். அந்தக் கொஞ்சத்தைப் பூச்சிய வழு என்பார்கள். கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும், கழிக்காவிட்டால் விடை பிழை. மானசீகக் கருவிகளுக்கு வழு கிடையாது. ஆகவே சேர் அதை ஒரே ஒரு தரம், போகிற போக்கில் சொல்லியிருந்தார். மழை பெய்த ஒரு ஞாயிறு, தகரக் கூரை, அரைவாசிப் பேருக்குக் கேட்கவில்லை.

தவமணி முதல் விடையை வெட்டினாள். இரண்டாவதை எழுதினாள். மணி அடிக்க இன்னும் சில நிமிடம் இருந்தது. பேனையைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தாள்.

"கழிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அத எழுதாதீங்க" என்றார்.

7.

அவர் எழுதாதே என்று சொன்னபிறகு எனக்கு வேறு வழியில்லை. தையின் முதல் கிழமைக்கு வருகிறேன். பலீல் மாமாவின் லொறி இராஜசிங்கம் ஐயாவின் வீட்டு வாசலில் நிற்கிறது. பரீட்சைப் பெறுபேறு அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏத்துறதா, இல்லியா? ரெண்டுல ஒண்டச் சொல்லுங்க, ஐயா" என்கிறார் மாமா. "லொறி சும்மா நிக்க நிக்க டயர் காத்துப் போகுது."

"பொறும் தம்பி. பிள்ளை வரட்டும்."

"உங்க புள்ள அளந்தது ஒரு துண்டுக் கம்பி. அதுக்கு இவ்வளவு பெரிய லொறியா?"

மங்கையற்கரசி அம்மா உள்ளே அம்மியின் முடிச்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவிழ்க்கவா, இறுக்கவா என்று தெரியாமல்.

முடிவு (அ): தவமணி கழித்தாள். தேறினாள். நாலந்தாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் நியமனம். லொறி வெறுமையாகத் திரும்புகிறது. இராஜசிங்கம் ஐயா தன் வாழ்நாள் முழுவதும், தான் இருக்கச் சம்மதித்தது வேலைக்காக அல்ல, டயருக்காக என்று சொல்லிக்கொள்கிறார். இந்த முடிவு எனக்கு விருப்பம். விருப்பமான முடிவை எழுத்தாளர்கள் நம்பக்கூடாது என்று ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. அதைச் சொன்னவர்கள் மாத்தளையில் இருந்ததில்லை.

முடிவு (ஆ): கழிக்கவில்லை. லொறி வடக்கே போகிறது. நாவுல தாண்டும்போது தவமணி மூட்டைகளுக்கு நடுவே இருந்துகொண்டு பின்னோக்கிப் பார்க்கிறாள், றோட்டு நீண்டுகொண்டே—

(வேண்டாம். இப்படிப் போன லொறிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை அழகாக எழுதத் தெரிந்தாலும் எழுதக்கூடாது.)

முடிவு (இ): பெறுபேறு அன்றைக்கு வரவில்லை. அரைவாசி ஏற்றி, அரைவாசி இறக்கி, லொறி இன்னும் அங்கேயே நிற்கிறது. பலீல் மாமா டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் எது என்று நீங்கள் சொல்லுங்கள். ஒரு பேனை, ஒரு கழித்தல், சில நிமிடம். உங்களிடம் எல்லாம் இருக்கிறது. ஒரே நேரத்தில் போனதாகவும் இருந்ததாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றால், பௌதிகவியலில் அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறதாம். அறிமுகப் பாடநெறியில் அது இல்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் பகுதியில் ஒரு பஸ் கொண்டக்டரின் சத்தத்தை வெட்ட மறந்துவிட்டேன். கவனித்தவர்கள் கவனித்ததாக இருக்கட்டும். ஆனால் மாத்தளையில் ஒரு ஜன்னல் இருப்பதற்கும், எண்பத்தைந்து தையில் ஒருவர் தேறியதற்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்று அவசரப்படாதீர்கள். போன றோட்டில் திரும்பியும் வரலாம். ஒரு இடத்திலும் திரும்பத் தேவையில்லை என்று அவர்கள் வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள்.

8.

கதையை ஏழாம் பகுதியோடு நிறுத்தியிருந்தேன். தவமணி விடவில்லை.

"அலுமாரி விஷயத்த ஏன் எழுதல்ல?"

"அது கதைக்கு வெளியே."

"உங்களுக்கு வெக்கம், நுஹ்மான். எழுதுங்க. இல்லாட்டி என் பேர எடுங்க."

ஆகவே எழுதுகிறேன். பரீட்சை முடிந்த அன்று பின்னேரம் நாங்கள் எல்லோரும் மேல்மாடிக்குத் திரும்பினோம். சேர் காத்துக்கொண்டிருந்தார். மேசையில் திறப்புக் கேட்டு எழுதிய இன்னொரு கடிதம், மை காயாமல். அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்காக.

"எத்தனை க்ரிக்?" என்று அவர் தவமணியைக் கேட்டார்.

"அதுவே சத்தம் போடுது, சேர்."

சேர் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். நாங்கள் அதற்கு முன்னர் அதைக் கண்டதில்லை. "அப்படியா" என்றார். பிறகு, "எப்படி... நாங்க போட்ட மாதிரிதானா?" என்றார்.

"கிட்டத்தட்ட, சேர். நீங்க சொல்லித் தந்தது கொஞ்சம் பலம் கூட."

ஸக்கியா மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் சேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தவமணி அலுமாரியை நோக்கி நடந்தாள். நான் கதிரையில் சாய்ந்தபடி இருந்தேன். குனிந்து வழிவிட்டேன். அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று உள்ளே பார்த்தாள், வருடம் முழுவதும் பார்த்ததுபோலவே. பிறகு, காலையில் கேட்ட அதே குரலில், "தொடலாமா, சேர்?" என்று கேட்டாள். சேர் பதில் சொல்வதற்குள் பூட்டைப் பிடித்து இழுத்தாள்.

அது கையோடு வந்துவிட்டது. கொழுவி விட்டிருந்தார்களே தவிர, அமுக்கிப் பூட்டவில்லை.

வருடம் முழுவதும் என் பின்மண்டையில் இடித்தது அந்தப் பூட்டுத்தான்.